மாடி வீட்டு யானை

"உங்க மாடியில யாரு சார் குடியிருக்காங்க, யானையா?"

லிஃப்டில் அவனிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே சிரித்தார் பக்கத்து வீட்டுக்காரர். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்ட அந்தப் படத்தைப் பார்க்காதவர் பாக்கியில்லை.

ஒன்றரை நிமிஷக் கார்ட்டூன். கைதவறி விழுந்த ஒரு வேர்க்கடலையைத் தேடி, யானை ஒன்று மேசை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் தரதரவென்று இழுக்கும். கீழ்வீட்டுக்காரன் துடைப்பக்கட்டையால் சீலிங்கை இடிப்பான். கடைசியில் தரை பொத்துக்கொண்டு, யானை அவன் மடியிலேயே வந்து விழும்.

வரைந்தது, அசைத்தது, பிளிறியது எல்லாம் அவன் ஒருவனே. வீட்டிலிருந்தபடி விளம்பரக் கம்பெனிகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பவன். தனி ஆள். பிளிறலைப் பதிவு செய்த அன்று, அவன் வாயைத் திறந்ததே அதற்காகத்தான்.

யானை யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு நேர் மேலே குடியிருக்கும் ரிடையர்டு நர்ஸம்மா. சாயங்காலமானால் நாற்காலியை இழுக்க ஆரம்பிப்பார். அவன் கீழேயிருந்து தட்டும்வரை விடமாட்டார்.

"இனிமே அந்தம்மா மூச்சு விடாது பாருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்படியேதான் ஆயிற்று. சத்தம் அடியோடு நின்றுபோனது.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு என்னவோ, சாயங்காலமானால் வேலையை நிறுத்திவிட்டுச் சீலிங்கை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தான். இருந்த ஒரு பேச்சுத்துணையும் போய்விட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங்பெல் அடித்தது. வழக்கம்போல் கதவைப் பாதிதான் திறந்தான்.

நர்ஸம்மா!

தொலைந்தோம் என்று நினைத்தான்.

"படம் பார்த்தேன் தம்பி. என் நடையை அப்படியே யானைக்கு வெச்சிருக்கீங்க. வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

"மன்னிச்சிடுங்கம்மா, சும்மா தமாஷுக்கு..."

"அது கிடக்கட்டும். உங்க போன் நம்பரைக் குடுங்க. தினம் சாயங்காலம் கூப்பிடுவேன். எடுத்து 'ம்'னு சொன்னா போதும், வெச்சிடுவேன்."

"எதுக்கும்மா?"

"இனிமே நாற்காலியை இழுக்க முடியாதே!"

அவன் திருதிருவென்று விழித்தான்.

"இழுத்தா நீங்க தட்டுவீங்கல்ல? அதுக்காகத்தான் இழுத்தேன். நேர்ல வந்து கேக்கலாம்னா, நீங்க கதவையே முழுசாத் திறக்கறதில்லை."

அவன் சட்டென்று கதவை அகலத் திறந்தான். "உள்ள வாங்கம்மா."

அவர் வாசலிலேயே நின்றார். பார்வை அவனைத் தாண்டி உள்ளறைக்குப் போனது.

"உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு வாத்தியார் இருந்தார். உங்களை மாதிரியே தனி ஆள். 'எவ்வளவு அமைதியான மனுஷன், இருக்கிற இடமே தெரியலை'ன்னு நாங்க எல்லாரும் கூடி நின்னு பாராட்டிட்டிருந்தோம். அப்போ அவர் செத்து நாலு நாள் ஆகியிருந்தது தம்பி."