பெயர் வெட்டிய பதக்கம்

மாடிப்படியின் பாதியில் அவன் நின்றுவிட்டான்.

கீழே, கூடத்தில், திருமதி ஒர்டேகாவின் குரல்.

ஆப்கானிஸ்தானில் அவன் அமெரிக்கக் காலாட்படையின் கேப்டன். லூயிஸ் ஒர்டேகா அவனுக்குக் கீழிருந்த சிப்பாய். லூயிஸின் தாய் பல மாதங்களாகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தாள். அவன் எடுக்கவில்லை.

இன்று சான் அந்தோனியோவிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு டல்லாஸுக்கு வந்துவிட்டாள்.

நவராத்திரியில் வாசலுக்கு வந்த பெண்ணை நிற்கவைத்து விசாரிப்பது அம்மாவின் வழக்கமன்று. கொலுவுக்கு எதிரே அமரச் செய்து, குங்குமம் கொடுத்து, கையில் சுண்டல் கிண்ணத்தையும் திணித்திருந்தாள்.

கொலுவின் மேற்படியில், கலசத்துக்குப் பக்கத்தில், அவனுடைய பதக்கங்கள்.

அவனைக் கேட்காமலே எடுத்து வைத்திருந்தாள்.

வெள்ளி நட்சத்திரத்தைக் காட்டி, அம்மா தனக்குத் தெரிந்ததை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலத்தில் கண்ணிவெடி வெடித்தது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, தோளில் காயத்தோடு, இருவரை அவன் இழுத்து வந்தான்.

அத்தனையும் உண்மை.

பாலத்தைச் சோதித்துவிட்டுப் போகலாமே என்று லூயிஸ் தயங்கியதும், நேரமில்லை, போ என்று அவன் சொன்னதும் மட்டும் அதில் இல்லை.

லூயிஸ் தானாகவே முன்வந்தான் என்று, உடல் அடக்கம் முடிந்ததும், அந்தத் தாயிடம் சொன்னவனும் அவன்தான்.

அம்மா அடுத்த பதக்கத்தை எடுத்தாள். பர்ப்பிள் ஹார்ட். போரில் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் அளிக்கப்படுவது. அதைத் திருப்பிக் காட்டினாள். பின்புறத்தில் அவன் பெயர். எவர்சில்வர் குடத்தில் வெட்டுவதுபோல, அம்மாவே கடையில் கொடுத்து வெட்டி வாங்கியிருந்தாள்.

அவனுக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

திருமதி ஒர்டேகா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து அதே போன்ற ஒன்றை எடுத்தாள். தன் மகனும் கேப்டனோடு இருந்தவன்தான் என்றாள்.

அதன் பின்புறத்திலும் ஒரு பெயர்.

அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எந்தக் கடையில் வெட்டினீர்கள் என்று கேட்டாள்.

கடையில் இல்லை, வரும்போதே இருந்தது என்றாள் அவள்.

எங்களுக்கு மட்டும் வெறுமையாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா குறைபட்டுக்கொண்டாள்.

காரணம் அவனுக்குத் தெரியும்.

யாரும் கேட்காமலே பெயர் பொறித்து அனுப்புவது, மகன் திரும்பி வராத வீட்டுக்கு.

திருமதி ஒர்டேகா அம்மாவைத் திருத்தவில்லை. மகனும் விடுமுறையில் வந்திருக்கிறானா, உடன் அழைத்து வந்திருக்கலாமே என்று அம்மா கேட்டபோதும் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

படியில் நின்றவனைப் பார்த்தாள்.

அம்மாவும் திரும்பினாள்.

“அங்க ஏன்டா நிக்கிற? பெரிய கேப்டன், வீட்டுக்கு வந்தவங்களைக் கண்டா பயமா? இவங்க பையன் எப்படி இருக்கான்னு கேட்டா, பேசவே மாட்டேங்கிறாங்க. நீயாவது சொல்லேன்.”

அம்மா அவனிடம் மட்டும் தமிழில் கேட்டிருந்தாள். தமிழிலேயே பதில் சொல்லிவிடலாம். வந்தவளுக்கு ஒரு சொல்லும் புரியாது.

அவன் இறங்கி வந்து, இருவருக்கும் எதிரே, தரையில் அமர்ந்தான்.

ஆங்கிலத்தில் தொடங்கினான்.