ஒரே ஒரு கதவு

“பாஸ்வேர்டு அடிக்கப் போறீங்களா? இருங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, வந்தவர் நிஜமாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

வைஜயந்தி பாஸ்வேர்டை அடித்துக்கொண்டே யோசித்தாள். இவ்வளவு கறாரான ஆளிடம் தேறுவது லேசுப்பட்ட காரியமா?

ஆனால் இன்று தேறியே ஆக வேண்டும். புனேயை ஒட்டிய சாகணில் இருக்கும் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. சுவிட்ச், ரவுட்டர், ஃபயர்வால் என்று ஒவ்வொரு கருவியின் அமைப்புகளும் தினமும் ஒரு சர்வரில் பேக்கப் ஆகும். அந்தக் கோப்புகளைப் படித்தால் போதும், எந்த வழியாக நுழைந்து எதை முடக்கலாம் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

பத்து வருடமாக அவை டிஎஃப்டிபி என்ற பழைய முறையில்தான் போய்க்கொண்டிருந்தன. அதில் பாஸ்வேர்டும் கிடையாது, பூட்டும் கிடையாது. அஞ்சலட்டை மாதிரி, வழியில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

‘இத்தனை நாளில் என்ன குடி முழுகிவிட்டது?’ என்று மேலாளர் சுனில் இந்தியில் எகிறினார். வைஜயந்தி ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றையும் எஸ்எஃப்டிபி என்ற பூட்டுப் போட்ட முறைக்கு மாற்றினாள். அதற்காக, ஓடிக்கொண்டிருந்த இரண்டு பழைய சுவிட்சுகளைக் கழற்றிப் போட வேண்டி வந்தது. வாடிக்கையாளர் அனுப்பும் ஆடிட்டர் இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் சொந்த ஊர் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்துக்கொள் என்று சுனில் சொன்னது விளையாட்டுக்கு அல்ல.

அதனால் காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவாள், எழுந்திருப்பாள், சர்வரை எட்டிப் பார்ப்பாள், ரிசப்ஷனில் இருக்கும் ஜெனிபருக்கு இன்டர்காமில் போன் போடுவாள்.

“இன்னும் வரலக்கா. சாகண் சௌக்ல பயங்கர ஜாம். நம்ம ஷிப்ட் பஸ்ஸே அங்கதான் நிக்குது. டென்ஷன் மத் லோ, சாய் குடிங்க” என்றாள் ஜெனிபர். புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழில் இந்தி அப்படித்தான் புகுந்து விளையாடும்.

“வந்தா சொல்லு கண்ணு” என்று போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அறை வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை.

“ரோடு காலியா இருந்துச்சு, சீக்கிரமே வந்துட்டேன்” என்றார்.

“அய்யோ, சார் தமிழுங்களா!”

புனேக்கு வந்த இந்த ஒரு வருடத்தில் மீட்டிங்கில் இந்தி, லிஃப்டில் மராத்தி என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காது குளிர்ந்துவிட்டது. வேறு எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை.

“ஆமா. நீங்க எந்த ஊரு?”

“கோயமுத்தூருங்க சார். உங்களுக்காகத்தான் காலைல இருந்து காத்துட்டிருக்கேன்.”

“அட, எனக்குப் பொள்ளாச்சிங்க! சரி, ஆரம்பிக்கலாமா?”

ஊர்ப் பாசம் வேறு, வேலை வேறு என்பது போலக் கேள்விகளால் துளைத்தெடுத்தார்.

“எஃப்டிபிஎஸ்கூட பூட்டுப் போட்டதுதானே? அதை ஏன் எடுக்கல?”

“அதுக்கு ஃபயர்வால்ல நெறையக் கதவைத் தொறந்து வெக்கோணுங்க சார். இதுக்கு ஒரே ஒரு கதவு போதும். அதுக்கும் சாவி என்கிட்ட மட்டுந்தான்.”

“நடுவுல எவனாவது ஒட்டுக் கேட்டா?”

“கேக்கட்டுமுங்க. ஒரு எழுத்துக்கூடப் புரியாது.”

தலையாட்டினார். அதற்கப்புறம்தான் சர்வரைக் காட்டச் சொன்னதும், பாஸ்வேர்டுக்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பியதும்.

“ஃபைல் எல்லாம் வந்திருக்கு, சரி. வந்தது திறக்குதா? பேக்கப் எடுக்கிற பாதிப் பேர் அதைப் பார்க்கறதே இல்லைங்க.”

இந்தக் கேள்வி வருமென்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

“பிரமாதம். ஒரு செட் இதுல போட்டுக் கொடுத்துடுங்க” என்று பென்டிரைவ் ஒன்றை நீட்டினார்.

“பென்டிரைவெல்லாம் இங்க வேல செய்யாதுங்க சார். நாந்தான் பூட்டி வெச்சிருக்கேன்” என்றாள் பெருமையாக.

அவருடைய புருவம் லேசாக உயர்ந்தது. கைக்கு எட்டியது நழுவிவிடுமோ என்று வைஜயந்தி பதறிப்போனாள்.

“உங்களுக்கு ஒரு நிமிசம் தொறந்து உடறேனுங்க சார்.”

“வைரஸ் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறமா போடுங்க. யாரையும் நம்பக் கூடாது” என்றார் அவர்.

எப்பேர்ப்பட்ட மனிதர் என்று வியந்துகொண்டே, சோதித்துப் பார்த்து, மொத்தத்தையும் காப்பி செய்து கொடுத்தாள்.

அறை வாசல்வரை கூடவே போனவளுக்குப் பொறுக்கவில்லை. “தேறிட்டனுங்களா சார்?”

“இந்தப் பக்கம் எத்தனையோ ஃபேக்டரி பார்த்திருக்கேன். இவ்வளவு சுத்தமா யாரும் அடுக்கி வெச்சதில்லைங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வைஜயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. ‘எல்லாம் நல்லபடியாக முடிந்தது’ என்று சுனிலுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டாள். காலையிலிருந்து முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இன்டர்காம் அடித்தது. ஜெனிபர்தான்.

“அக்கா, ஆடிட்டர் வந்துட்டாரு. உள்ள அனுப்பவா?”