கழற்றி வைத்த ஷூ

சென்னை விமான நிலையத்தில் சோதனைக்கு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் அடியில் ஒரே நீளப் பலகை மேடை. பார்வையில்லாத சவுரியம்மாளின் கை, காது கேளாத கணவர் மரியசூசையின் கையிலிருந்து பிரிக்கப்படுகிறது. ஆம்பூர் கம்பெனியில் அவரே தைத்த ஷூ நடந்தால் கிறீச்சிடும். கூட்டத்தில் அந்தச் சத்தம்தான் அவளுக்கு அவர். திரைக்குள் அவள் வளையலைத் தடவிக் கருவி கத்தும்போதே வெளியே ஒரு குரல், "சார், ஷூவ கழட்டி ட்ரேல வைங்க" என்கிறது. கிறீச் நின்றுபோகிறது. திரையை விட்டு வந்தவளைச் சுற்றிப் பெட்டிகள் உருள்கின்றன, தட்டுகள் மோதுகின்றன. மகள் இருக்கும் மஸ்கட்டுக்குக் கடைசி அழைப்பு வேறு ஒலிக்கிறது. "வந்துடுவாரும்மா, நீங்க முன்னாடி போங்க" என்று பெண் காவலர் முழங்கையைப் பிடித்து நகர்த்துகிறார். "எப்டிங்க வருவாரு? நான் கூப்ட்டா அவருக்குக் கேக்காது. அவரு வந்து நின்னா எனக்குத் தெரியாது." நகராமல் நிற்கிறாள். செருப்பை உதறிவிட்டு, வீட்டில் கட்டில் காலை உதைத்து அவரை எழுப்புவதுபோல, பலகையை இரண்டு முறை ஓங்கி மிதிக்கிறாள். பக்கத்துப் பேச்செல்லாம் அடங்குகிறது. "இன்னாம்மா இது?" என்று காவலர் அதட்டி முடிக்கவில்லை, பலகையின் அந்தக் கோடியிலிருந்து, ஷூ இல்லாத ஒரு கால் இரண்டு முறை மிதிப்பது அவள் உள்ளங்காலில் ஏறுகிறது.