வலியைத் தள்ளிப்போடும் மாத்திரை

சாயங்கால வெயில் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அம்சாவின் ஏழு மாத வயிற்றில் விழ, வயிறு மறுபடி கல்லாக இறுகுகிறது. “வலிய நிறுத்தத்தாம்மா இந்த மாத்திர. பிரசவம் ரெண்டு நாள் தள்ளிப்போனா, கொழந்த நுரையீரலுக்குப் போட்ட ஊசி வேல செஞ்சிடும்,” என்கிறாள் நர்ஸ் தேவயானி. மாத்திரை முகத்தைக் கொதிக்கவைக்கிறது. நெஞ்சு, வீட்டு விசைத்தறிபோல் அடித்துக்கொள்கிறது. காலையில் அந்தத் தறியோரம்தான் புருஷன் கஜபதி அவளை எட்டி உதைத்தான். வழுக்கி விழுந்ததாகத்தான் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதவைத்திருக்கிறாள். இப்போது அவன் திருத்தணி மலையில் மொட்டை போட்டுவிட்டு வந்து, சந்தனம் வழியும் தலையோடு கட்டிலருகே நிற்கிறான். “கொழந்தைக்காக முருகன வேண்டிக்கினு வந்தேன்,” என்று விபூதிக் கையை வயிற்றுக்கு நீட்டுகிறான். அம்சா அந்தக் கையை நகம் பதிய முறுக்குகிறாள்; விபூதி தரையில் சிதறுகிறது. “சீட்ட மாத்தி எழுதுங்கக்கா. நான் வழுக்கி உழல. இவன் ஒதச்சான்.”