ஈரம் குடித்த பிரேக் ஆயில்

ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் இன்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் குடியிருந்தன. காரின் சொந்தக்காரர் பரிதி ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவார். பிரேக் ஆயிலின் மூடியை இரண்டு வருஷமாகத் திறக்கவே இல்லை.

“ஏன் அண்ணே, இப்படிக் கறுத்துப்போயிட்டீங்க?” என்று அன்று காலைதான் வந்து சேர்ந்த இன்ஜின் ஆயில் கேட்டது.

“காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு உடம்பெல்லாம் தண்ணி, தம்பி. வேகமா நாலு சுத்து ஓட்டினா கொதிச்சிடுவேன்.”

“அவர்கிட்ட சொல்லக்கூடாதா?”

“எனக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை பிரேக் பெடல்தான். போன தடவை அதைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினேன். கால்ல போட்ட ஷூதான் சரியில்லைன்னு புது ஷூ வாங்கிட்டார்.”

பந்தயம் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் பிரேக் ஆயில் கொதித்தது. ஆபத்தான வளைவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. ஓரத்தில் அகலமாக மணல் கொட்டியிருந்த வளைவு வந்ததும், “இனி நம்மால ஆகாது” என்று விட்டுவிட்டது. பெடல் அடிவரைக்கும் போனது. கார் மணலுக்குள் பாய்ந்து, வயிறுவரை புதைந்து நின்றது. பரிதிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மெக்கானிக் ஸ்டீபன் மூடியைத் திறந்தார். “இதை எப்ப சார் மாத்தினீங்க?”

“ஒவ்வொரு ரேஸுக்கும் ஆயில் மாத்துறேனே!”

“அது இன்ஜின் ஆயில் சார். இது பிரேக் ஆயில்.”

பரிதி சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார். “வேற எதையாவது மறந்திருக்கேனா?”

அதுவரை வாயே திறக்காத, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்குள்ளிருந்து கத்தியது: “ஐயா, நான் ஒருத்தன் நாலு வருஷமா இங்கே இருக்கேன்!”