கடைசி வண்டியில் வந்த குச்சி

"எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல. எதுக்கும்மா மறிச்சுக்கிட்டு நிக்கிற?"

லாரி டிரைவர் கேட்டார். கொடிக்காரம்மா சிவப்புக் கொடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

நெடுஞ்சாலையைப் புதுப்பிக்கிறோம் என்று பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை. ஐஸ் வண்டிக்காரர் சர்பத் விற்க ஆரம்பித்திருந்தார். காரில் ஏறும்போது மழமழவென்று சவரம் செய்திருந்த ஒருவருக்குத் தாடி வந்துவிட்டது. நம்பாதவர்கள் பக்கத்திலிருந்த அவர் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம்.

"குச்சி வரணும்ணே" என்றாள் கடைசியில்.

"என்ன குச்சி?"

"அந்த முனையிலேர்ந்து வர்ற கடைசி வண்டியில ஒரு சிவப்புக் குச்சி கொடுத்து அனுப்புவாங்க. அது என் கைக்கு வந்தாத்தான் ரோடு காலின்னு அர்த்தம். அப்புறம்தான் உங்கள விடுவேன். நடுவுல வளைவு, எதிர்ல யார் வர்றாங்கன்னு தெரியாது."

"போன் பண்ணிக் கேளேன்."

"கேட்டுட்டேன். கொடுத்தனுப்பி ரொம்ப நேரமாச்சாம்."

"அப்போ குச்சி?"

"வரல."

ஸ்கூட்டர்காரர் இறங்கி வந்தார். "எவனோ குச்சிய வாங்கி வச்சுக்கிட்டு நடுவுல நிம்மதியாத் தூங்குறான். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்."

"கை தனி, கால் தனியா ஒடிச்சு அடுக்கிடலாம்" என்றார் லாரி டிரைவர்.

ஆளாளுக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். சட்டை போடாதவரும் மடித்துவிட்டார்.

அப்போது பள்ளத்தின் ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் குதித்துக் குதித்து வந்தது. பின்னால் இன்ஜினீயர், முழங்கால் வரை சேறு. இந்தச் சாலை வேலைக்குத் திட்டம் போட்டவர்; குச்சி ஏற்பாடும் அவருடையதுதான். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நெரிசல் என்று தகவல் வந்ததும் தன் ஜீப்பைக்கூடத் தேடாமல் மேஸ்திரியின் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா இது? மேலிடத்துலேர்ந்து போன் மேல போன். வண்டிய விடு."

"குச்சி வரல சார்."

"நான் சொல்றேன், விடு."

"'நானே வந்து சொன்னாலும் விடாதே'ன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

கூட்டம் சிரித்தது. இன்ஜினீயருக்கு அதுதான் தாங்கவில்லை.

"கடைசி வண்டி யாருது?"

அவள் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல சார்."

"தெரியலன்னா நீ எதுக்கு இங்க நிக்கிற? அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்றதா இருந்தேன். அதை மறந்துடு."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கொடி மட்டும் இறங்கவில்லை.

"அந்தக் குச்சிக்காரன என்ன சார் பண்ணலாம்?" என்றார் ஸ்கூட்டர்காரர்.

"லைசென்ஸைக் கிழிச்சுப் போடணும். ஜனங்களோட நேரம்னா விளையாட்டா?"

"அதுக்கு முன்னால எங்ககிட்ட கொஞ்ச நேரம் விட்டு வைங்க சார்" என்றார் லாரி டிரைவர்.

"தாராளமா."

மறுபடி போன் அடித்தது. இன்ஜினீயர் முதுகைத் திருப்பிக்கொண்டு மேலிடத்துக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்.

வளைவிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கொடிக்காரம்மா ஓடிப்போய், கையிலிருந்ததை வாங்கி, ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துத் தூக்கிக் காட்டினாள்.

"வழியில கிடந்துச்சாம். கிளம்புங்க."

பச்சைக் கொடி ஆடியது. எலும்பு ஒடிக்க நின்றவர்கள் எல்லாம் வண்டிக்கு ஓடினார்கள். ஒருவழியாக வரிசையின் வாலும் வந்து சேர்ந்தது. அந்தக் கடைசி வண்டியில் குச்சியைக் கொடுத்தனுப்பிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, இன்ஜினீயர் எதிரே நின்றார்.

"குச்சி வந்துட்டா ஆச்சா? அந்த மடையன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். காதில் விழுகிற தூரத்தில் யாரும் இல்லை.

"குச்சிய உங்க ஜீப்புலதான் சார் கொடுத்தாங்களாம், போன்ல அப்பவே சொன்னாங்க. நீங்க அதால பள்ளத்துல ஆழம் பார்த்துட்டு அங்கயே நட்டுட்டு வந்துட்டீங்க. உங்க டிரைவருக்குப் போன் போட்டு நான்தான் தேடி எடுத்துட்டு வரச் சொன்னேன். கூட்டம் கைய மடிச்சுவிட்டுக்கிட்டு நின்னுச்சு, அதனாலதான் சார் எனக்குத் தெரியல."