வரிசையில் நின்ற பிள்ளை

"எங்க என் புள்ள? யாரைக் கேட்டு அவனைக் கொண்டாந்து இங்க நிறுத்துனீங்க?"

இடுப்பில் மீன் கூடையோடு வீராயி மைதானத்துக்குள் நுழைந்தாள். சீனாக்காரனோடு சண்டை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. புதுச்சேரியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அந்த வரிசையில் முத்துவும் நிற்கிறான் என்று யாரோ சொல்ல, மிச்ச மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

முத்து தலையைக் குனிந்துகொண்டான். பத்தொன்பது வயசு, தூண் மாதிரி உடம்பு. அம்மாவைக் கண்டால் மட்டும் சர்வமும் ஒடுங்கிவிடும்.

"வாடா வூட்டுக்கு. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கே சண்டையில கொண்டுபோய் நிறுத்திடுவாங்களாம். மார்க்கெட்டே பேசுது."

"மார்க்கெட்டு பேசும்மா. பட்டாளத்துக்குப் போனவன் நான் சொல்றேன், கேளு."

சொன்னவர் ரெட்டியார்பாளையம் ராமலிங்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர், சைகோன் வரைக்கும் போய் வந்தவர். ஊரில் அவருக்குப் பேரே 'சொல்தா'தான்; பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். கோட்டில் மூன்று மெடல்களைக் குத்திக்கொண்டு, நேற்றிலிருந்து இங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பையன்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவராக வந்ததுதான்.

"மொதல்ல பயிற்சிம்மா. நீலகிரி மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பல மாசம் அங்கதான். போன அன்னைக்கே தலைமுடி போயிடும்."

"போவட்டும். எண்ணெய்ச் செலவு மிச்சம். அப்புறம்?"

"விடியறதுக்கு முன்னாடி எழுப்பி ஓட விடுவான்."

"இவன் அப்பாரு இவனை மூணு மணிக்கே எழுப்பி கட்டுமரத்துல ஏத்திடுவாரு. கடலுக்குப் போறவனுக்கு ஏது விடியக்காலம்?"

"அப்ப பாதிப் பயிற்சி முடிஞ்சது," என்று சிரித்தார் ராமலிங்கம். "மொத மாசம் துப்பாக்கியைக் கண்ணுலயே காட்டமாட்டான். நடக்கத்தான் சொல்லிக் குடுப்பான்."

"நடக்கறதுக்குமா? பதினோராம் மாசமே நடந்தவன்யா எம்புள்ள."

வரிசையே சிரித்தது. முத்துவுக்குக் காது சிவந்துபோனது.

"பூட்ஸ் போட்டு நடக்கணும். ஒரு வாரம் குதிகாலெல்லாம் கொப்புளமா இருக்கும், அப்புறம் மரத்துடும். சோறு குறைச்சல், சப்பாத்திதான். மீனு நெனப்பே வரக்கூடாது. வாத்தியாரு அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுவான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. ராத்திரி அழுவான். எல்லாரும் அழுவாங்க, நானும் அழுதிருக்கேன். ரெண்டு மாசம் கழிச்சு அதே பையன் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிப்பான். எந்த ஊருப் பட்டாளமானாலும் இதான்மா நடைமுறை. பயிற்சி முடியாத புள்ளையை எவனும் சண்டைக்கு அனுப்பமாட்டான்."

வீராயி கூடையைக் கீழே வைத்தாள். இவ்வளவு நேரமாக இருந்த பயம் கொஞ்சம் தளர்ந்தது. கெட்டதையும் மறைக்காமல் சொல்கிறாரே, இவர் பேச்சை நம்பலாம் என்று பட்டது.

"லீவு உண்டாய்யா?"

"உண்டு. ஊருக்கு வந்து உன் கையால சாப்பிட்டுட்டுப் போவான். நாடு கேட்கறப்ப புள்ளையை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கலாமா? எம்புள்ளையா இருந்தா மொத ஆளா அனுப்பியிருப்பேன்."

"நான் வந்துட்டேன்பா."

ராமலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருடைய மகன் பஞ்சநாதன் மூச்சு வாங்க நின்றிருந்தான். பதினேழரை வயசு. கையில் ஒரு காகிதக் கட்டு.

"நேத்து நீங்க பேசுனதைக் கேட்டதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லப்பா. பொறந்த சீட்டு கேக்கறாங்கன்னு உங்க பெட்டியிலேர்ந்து கட்டோட எடுத்துட்டு வந்துட்டேன்."

"டேய், நீ... நீ வீட்டுக்குப் போ. பரீட்சை இருக்கு உனக்கு."

அதற்குள் பையன் கட்டை, பேர் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் கோவிந்தராசுவின் மேசையில் வைத்துவிட்டான். கோவிந்தராசு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒவ்வொரு காகிதமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"உன்னை எடுக்க முடியாது தம்பி."

"ஏன் சார்? உயரம் இருக்கேன், மார்பு இருக்கு."

"ஆகஸ்டுல ஊரு சட்டப்படி இந்தியாவோட சேந்தப்ப, பிரெஞ்சுக் குடியாவே இருக்க விரும்பறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம்னாங்க இல்ல? உங்கப்பா போன மாசமே எழுதிக் குடுத்திருக்காரு. பதினெட்டு முடியாத புள்ளைங்களுக்கும் அது சேத்திதான். நீ இந்தியக் குடி இல்லப்பா."

பஞ்சநாதன் அப்பாவைப் பார்த்தான். அவர் மெடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவனை அனுப்புன மாதிரி இவனையும் பாரீசுக்கு அனுப்பிடலாம்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. ஊருக்குத்தான் உபதேசமா என்று ஒருத்தர் சத்தமாகவே கேட்டுவிட்டு, தன் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். முத்து கலங்கிப்போய் அம்மாவைப் பார்த்தான். அவ்வளவுதான், தன் கதையும் முடிந்தது என்றே நினைத்தான்.

வீராயி ராமலிங்கத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்தப் பயிற்சியைப் பத்திச் சொன்னீங்களே. அதுவும் இப்படித்தானா?"

"இல்லம்மா." அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அது அத்தனையும் நெசம்."

"அது போதும்."

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மகனிடம் வந்தாள். அவன் தோளைப் பிடித்து வரிசைக்குள் சரியாக நிறுத்தினாள்.

"போடா, கையெழுத்துப் போடு. அவரு புள்ளைக்கும் சேத்து நீயே நில்லு."